காசிக்குப் போனவர் மாடியில் இருக்கிறார்

1932, தை 5, திங்கள்

இன்று என் கணவர் தாண்டவமூர்த்தி பிள்ளை காசி யாத்திரை புறப்பட்டார். நெற்றி நிறைய விபூதி, தோளில் சால்வை, கையில் செம்பு. தெருவே வாசலுக்கு வந்து வழியனுப்பியது. எதிர்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன். வில்வண்டி ஊர் எல்லையைத் தாண்டி, சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் கொல்லைப்புறத்தில் வந்து நின்றது. யாத்திரை முடிந்தது. இப்போது மாடி அறையில் இருக்கிறார். அடை கேட்டிருக்கிறார்.

தைப்பூசத்துக்கு நாகசுரமும் வாணவேடிக்கையும் எங்கள் வீட்டு உபயம். மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். இந்த வருஷம் முடியாது. அதைக் கோயிலில் போய்ச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. காசிக்குப் போய்விட்டவரை யாரும் கேட்க முடியாது அல்லவா?

“யார் கேட்டாலும் காசிதான். தலகாணிகிட்டகூடச் சொல்லிடாத” என்றார்.

தலையணையிடம் சொல்லவில்லை. நெல் விற்ற கணக்கு எழுதுவதற்காக வாங்கிய டைரி இது. நெல் விற்றால்தானே கணக்கு? சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வண்டியை ஓட்டியவள் செங்கமலம். அவள் புருஷன் மலாய் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியதிலிருந்து எங்கள் வண்டி மாடுகள் இரண்டும் அவள் சொல்லுக்குத்தான் கட்டுப்படுகின்றன. ரகசியம் தெரிந்தவர்கள் அவள், நான், அப்புறம் என் நாத்தனார் அஞ்சுகம் அண்ணி. அண்ணி இவருக்கு மூத்தவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்து இந்த வீட்டோடு இருப்பவர். தம்பி காசிக்குப் போன செய்தி கேட்டு அவர் சொன்னது: “மாடிப்படி ஏறினாலே மோட்சம்னா நான் எப்பவோ போயிருப்பேனே.”

தை 6

காசியில் இருப்பவருக்கு இரண்டு வேளை காப்பி. மூன்றாவது கேட்டார். கொடுக்கவில்லை.

தை 9, வெள்ளி

குதிரில் நெல் முட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் எண்ணெய் இல்லை, பருப்பு இல்லை, சீயக்காய் இல்லை. நெல் வியாபாரியை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தார். ஒரு கை அள்ளிப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். மளிகைக் கடைக்காரரிடம் நெல்லுக்கு எண்ணெய் கேட்டால், “நெல்லா? எங்கிட்டயே இருக்கு, உங்களுக்கு வேணுமா?” என்கிறார்.

அமெரிக்காவில் ஏதோ சந்தை விழுந்துவிட்டதாம். அதனால் உலகம் முழுக்க இப்படியாம். பத்திரிகையில் வந்ததை மாடியிலிருந்து படித்துச் சொன்னார்.

“அமெரிக்கால எவனோ விழுந்ததுக்கு நான் ஏன்டி எண்ணெ இல்லாம தாளிக்கணும்?” என்றார் அண்ணி. அதைப் பத்திரிகையில் போடவில்லை.

மாட்டுக் கொட்டகையில் எங்கள் மோட்டார் கார் நிற்கிறது. நெல் நல்ல விலைக்குப் போன வருஷம் வாங்கியது. பெட்ரோல் போட வழியில்லாததால் டிரைவரை அனுப்பிவிட்டோம். பின்சீட்டில் செங்கமலத்தின் கோழி குடியேறிவிட்டது. சைவ வீட்டில் கோழியா என்று அண்ணி விளக்குமாற்றோடு போனார். கோழி ஒரு பார்வை பார்த்தது. அண்ணி திரும்பி வந்துவிட்டார்.

தை 12

கணக்குப்பிள்ளை வந்தார். பங்குனி முடிவதற்குள் நிலவரி கட்டாவிட்டால் ஆற்றங்கரை நிலம் ஏலத்துக்குப் போகும் என்றார். நல்ல மனிதர், சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. இந்தப் பக்கத்தில் போன மாதம் ஏலம் போன நிலங்களை வரிசையாகச் சொன்னார். அந்த நிலம் போனால் எங்களுக்கு மிச்சமிருப்பது மேட்டு நிலம்தான். அதில் வேலிக் காத்தானே யோசித்துத்தான் முளைக்கும்.

அந்த நேரம் பார்த்து மாடியில் ஒரு தும்மல்.

“பூன” என்றார் அண்ணி.

“பூன தும்முமா?”

“எங்க பூனைக்குச் சளி.”

இன்னொரு தும்மல். அதைத் தொடர்ந்து, “சிவசிவா” என்று ஒரு குரல்.

கணக்குப்பிள்ளை மாடியைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். “சைவப் பூனை” என்றார் அண்ணி, கண் இமைக்காமல்.

“மிளகுப்பால் குடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டார்.

தை 15

செங்கமலம் ஒரு யோசனையோடு வந்தாள். பக்கத்து ஊரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர் வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எங்கள் கார் கிடைக்குமா என்று கேட்கிறார்களாம்.

“டிரைவர் இல்ல, பெட்ரோல் இல்ல. எப்படிடீ ஓடும்?” என்றேன்.

“ஓடுறதுக்கா ஆச்சி கேக்குறாங்க? மாப்பிள்ள ஊர்வலத்துல காரு ஓடுச்சுன்னா மேளக்காரன் என்ன பண்ணுவான், பின்னாலயே ஓடுவானா? நவுந்தா போதும். நம்ம மாடு ரெண்டயும் பூட்டிடுவோம்.”

எனக்கு உடம்பே கூசியது. இந்த வீட்டுக் காரை மாடு இழுப்பதா? அதுவும் வாடகைக்கா? ஊர் சிரிக்காதா? அண்ணி பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார்: “செக்குக்காரர்னா, எண்ணெயா குடுப்பாரா?”

“டின்னு டின்னா குடுப்பாரு பெரியாச்சி.”

“கயிறு தெரியாம பூமாலையச் சுத்திட்டா அது மாடு இழுக்குற காருன்னு யாரு சொல்லப்போறா?” என்றார் அண்ணி.

மாட்டை எதனால் மறைப்பது என்று நான் கேட்டேன். அண்ணி பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். கார் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்பதற்காக நானும் கூடப் போகச் சம்மதித்தேன். அதற்காக மட்டும்தான்.

தை 18

போய் வந்தோம்.

சக்கரத்தைத் திருப்ப ஆள் வேண்டுமென்பதால் முன்சீட்டில் நான் உட்கார்ந்தேன். முக்காடு போட்டுக்கொண்டேன். செங்கமலம் மாடுகளின் காதில் ஏதோ சொன்னாள், கார் நகர்ந்தது. பொய் சொல்வானேன், ஹாரனை இரண்டு தடவை அழுத்தினேன். தேவைக்காக.

பாதி வழியில் மாப்பிள்ளை நெளிய ஆரம்பித்தான். வெட்கம் என்று நினைத்தோம். பெண் வீட்டு வாசலில் ஆரத்திக்காக அவன் எழுந்தபோது, அடியிலிருந்து கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் அங்கவஸ்திர மடிப்பில், உடையாமல், ஒரு முட்டை.

மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் பாட்டனார் முட்டையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “அடுத்த தையில தொட்டில் கட்டுங்கடா!” என்று கத்தினார். குலவை சத்தம் தெருவைப் பிளந்தது. இரண்டு டின் எண்ணெயும், மேலே ஒரு மூட்டைத் துவரம் பருப்பும் தந்தார்கள்.

இதை வாடகை என்று சொல்லக் கூடாது, சீர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அண்ணி தீர்ப்புச் சொன்னார். ராத்திரி அப்பளம் பொரித்தோம். காசியில் இருப்பவர் மணம் பிடித்துக்கொண்டு தரையைத் தட்டினார்.

தை 19

கோழிக்கும் பங்கு உண்டு என்கிறாள் செங்கமலம். நியாயம்தான்.

தை 25

மூன்று ஊர்களிலிருந்து கேட்டு வந்துவிட்டார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, “கோழி வருமா?”

கோழி வருகிறது. எல்லா நாளும் முட்டையிடுவதில்லை. அப்படிப்பட்ட நாள்களில் செங்கமலம் மடியில் கைவைத்துக்கொண்டு பின்சீட்டுப் பக்கம் போவதை நான் பார்ப்பதில்லை.

வெல்லம், புளி, வேட்டித் துணி, ஒரு பித்தளைத் தவலை என்று வீட்டில் சீர் சேருகிறது. சந்தைக்கு அனுப்பினால் அதில் கொஞ்சம் காசாகிறது. நெல்லைத் தவிர எல்லாவற்றையும் வாங்க உலகத்தில் ஆள் இருக்கிறது.

இன்று விஷயம் மாடிக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார்: அவருடைய கார், அவருடைய மாடுகள், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய பெண்டாட்டி. நான் மேலே போனபோது முகம் சிவந்து போயிருந்தது. கத்த வேண்டும் போலிருக்கிறது, கத்த முடியாது. ஆகவே கிசுகிசுப்பாகவே கத்தினார்.

“என் மானம் போச்சுடி! இப்பவே இத நிறுத்து!”

பின்னாலேயே வந்த அண்ணி சொன்னார்: “காசியில இருக்குறவன் இங்க நடக்குறத எப்படிடா பாத்த? பேசாம கங்கையில ரெண்டு முழுக்குப் போடு.”

மாசி 3

இன்று எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வாய்க்கால் கரையோரம் ஊர்வலம். எதிரே ஒரு பசு வந்தது. எங்கள் இடது மாட்டுக்கு அதற்கு முன் அந்தப் பசுவோடு பழக்கம் இருந்திருக்க வேண்டும். மேளத்தை விட்டு, தீவட்டியை விட்டு, கார் களத்து மேட்டுக்குப் பறந்தது. என்னால் முடிந்தது ஒன்றுதான்: வாய்க்காலா வைக்கோல் போரா என்று வந்தபோது வைக்கோல் போர்ப் பக்கம் திருப்பினேன். மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் வெளியே தெரிந்தது. அதன் மேல் கோழி உட்கார்ந்திருந்தது.

ஒருவருக்கும் காயமில்லை. சீரும் இல்லை. மாட்டுக்குக் கால் பிசகிவிட்டது.

மாசி 5

மாடு எழுந்திருக்கவில்லை. வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டோம். சேர்ந்த காசு நிலவரியில் பாதிகூட வராது. அண்ணி இன்று என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

செங்கமலம் மாட்டின் காலுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னாள். மலாயில் தோட்டத்தை மூடிவிட்டார்களாம், அவள் புருஷனைப் பற்றித் தகவலே இல்லையாம். “எந்தக் கப்பல்ல வருதுன்னு தெரியல ஆச்சி. வருதான்னே தெரியல.” அழவில்லை. மாட்டின் காலைத்தான் இன்னும் கொஞ்சம் மெதுவாகத் தடவினாள்.

அண்ணி கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, குதிரிலிருந்து அள்ளி அள்ளி அவள் கூடையில் போட்டேன். அளக்கவில்லை. “அண்ணிக்குத் தெரிய வேணாம்” என்றேன்.

“நேத்துதான ஆச்சி பெரியாச்சி ஒரு கூடை குடுத்தாங்க? அவங்க உங்களுக்குத் தெரிய வேணாம்னாங்க.”

மாசி 12

பினாங்கிலிருந்து சொத்தோடு திரும்பிய ஒருவர் எங்கள் ஊரிலேயே பெரிய வீடு கட்டியிருக்கிறார். அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சென்னைப் பட்டணத்துப் பையன். “மாடு பூட்டின காரைப் பாத்தா சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்கம்மா. பெட்ரோல் நான் போடுறேன். காரு தானா ஓடணும். ரொக்கமாத் தர்றேன்” என்றார். அவர் சொன்ன தொகை நிலவரிக்குப் போக மிஞ்சும். பங்குனி ஏழாம் தேதி ஊர்வலம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். யார் ஓட்டுவார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் வெளியே போனதும் அண்ணி என்னைப் பார்த்தார். நான் மாடியைப் பார்த்தேன். இந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் காசியில் இருக்கிறார்.

மாசி 13

“நான் இறங்கி வந்தா உபயத்துக்குப் பயந்து ஒளிஞ்சவன்னு ஊரே காறித் துப்பும்” என்றார். நிலம் போகும் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. மனிதர் அழுகிறார். திட்ட வேண்டுமென்று மாடியேறிய நான், முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க” என்றேன் கடைசியில்.

“எத?”

“ஓட்டுறதுக்கு.”

அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கு வரவில்லை.

மாசி 16

மாடியில் பாடம் தொடங்கியாயிற்று. பிடித்துத் திருப்ப முறம். கியருக்கு அகப்பை. காலுக்குக் கீழே மூன்று அளவைகளைக் கவிழ்த்து வைத்தார்: இடது காலுக்கு மரக்கால், அது கிளச்சு. நடுவில் படி, அது பிரேக். வலது ஓரம் உழக்கு, அதை மிதித்தால் வண்டி பாயும். இவர் பின்னால் பெஞ்சில் பிரயாணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, “எதுத்தாப்ல வண்டி! படி, படி! ஐயோ ஆள அடிச்சுட்டியேடீ!” என்கிறார். இன்று மட்டும் எத்தனையோ பேரைக் கொன்றுவிட்டேன்.

திருப்பத்தில் இவரும் சேர்ந்து சாய்கிறார்.

மாசி 24

பினாங்குக்காரர் அனுப்பிய பெட்ரோலை ஊற்றிவிட்டு, செங்கமலம் முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்றினாள், காருக்கு உயிர் வந்தது. பின்சீட்டில் அண்ணி கந்தர் சஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்தார். சவுக்குத் தோப்புக்குள் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு சவுக்கு மரங்கள் இப்போது இல்லை. ஆனால் ஓடியது. நின்றது. நான் மிதித்ததும் ஓடி, நான் மிதித்ததும் நின்றது!

மாடிக்குப் போய்ச் சொன்னபோது எனக்கு வார்த்தை குழறியது. “எந்தக் கியர்ல போன?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், “நீலாயதாட்சி” என்று என் முழுப்பெயரையும் சொன்னார். கல்யாண மந்திரத்துக்குப் பிறகு அதை அவர் வாயில் கேட்டது இப்போதுதான்.

பங்குனி 7

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் ஊர்வலம் கோயிலிலிருந்து கிளம்பியது. பட்டணத்து மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு பின்சீட்டில். அவன் பக்கத்தில், பெண் வீட்டார் கேட்டுக்கொண்டபடி, கோழி. நான் முக்காடு போடவில்லை. கண்ணை மறைக்கிறது. பொம்பளை காரோட்டுகிறாள் என்று மரத்தில்கூட ஆள்.

கோயில் வீதி முழுக்க நன்றாகத்தான் போனேன். பெண் வீட்டு வாசல் வந்தது. ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். நிற்க வேண்டிய இடம். எனக்கு எதை மிதிப்பதென்று மறந்துபோய்விட்டது. மூன்றும் கலந்துவிட்டது. கார் ஆரத்தியைத் தாண்டிப் போனது. மேளக்காரர்கள் பின்னால் ஓடி வந்தார்கள், நாகசுரக்காரர் ஓடிக்கொண்டே வாசித்தார். மறுபடி ஒரு சுற்று. மறுபடி ஆரத்தி, மறுபடி தாண்டினேன். “நாத்தனாருக்கு வாக்கரிசி போட்டுட்டுதான் நிக்குமா இந்த வண்டி?” என்று என் பக்கத்திலிருந்து அண்ணி அலறினார். மாப்பிள்ளை கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. வண்டி எப்படியோ அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

எங்கள் வீடு வந்ததும் மாடியைப் பார்த்துக் கத்தினேன்: “ஏங்க! எப்படிங்க நிறுத்துறது?”

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. இடுப்பில் துண்டு, முகம் நிறையத் தாடி. “உழக்க விடு! படிய மிதிடீ நீலா! படிய, படிய!”

ஓடி வந்த ஊர்க்கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. காரை மறந்துவிட்டார்கள். நான் தெருக்கோடி போய்த் திரும்பி வருவதற்குள் இவர் தானே மாடிப்படியைத் தடதடவென்று மிதித்து இறங்கி, வாசலைத் தாண்டி, துண்டோடு நடுத்தெருவுக்கு வந்து, கையிரண்டையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஓடவில்லை, விலகவில்லை.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. படியை மிதித்தேன். அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கணக்குப்பிள்ளை வந்தார். மேலும் கீழும் பார்த்தார்.

“எப்ப வந்தீங்க காசியிலேருந்து?”

இவர் வாயைத் திறந்து, மூடி, திறந்தார். “போகவே இல்ல” என்றார். “உபயம் பண்ண கையில ஒண்ணுமில்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

இனி சிரிப்பார்கள் என்று நான் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “எங்க வீட்டுல ரெண்டு மாசமா ரசஞ்சோறுதாங்க” என்றார். “எங்க வீட்டுல தோடு அடகுக்குப் போயிடுச்சு” என்றாள் எதிர்வீட்டு அம்மாள். ஒருவர் பின் ஒருவராக, தெருவே தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. முகூர்த்தக் களை மாதிரி எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம். பட்டணத்து மாப்பிள்ளை மட்டும், “நான் எப்ப எறங்கலாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

பங்குனி 9

ரொக்கம் வந்தது. இவர் தாடியை மழித்துக்கொண்டு, நடுத்தெருவில் நடந்தே போய் நிலவரியைக் கட்டிவிட்டு வந்தார். திரும்பி வர வெகுநேரமாயிற்று. வழியில் ஒவ்வொருவரும் நிறுத்தி வைத்துப் பேசினார்களாம். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று மூன்று வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்.

பங்குனி 11

சித்திரைக்கு முன்பதிவு வந்துகொண்டிருக்கிறது. இப்போது எல்லோருக்கும் மூன்று சுற்று வேண்டுமாம். செங்கமலத்துக்கு ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன். மாட்டிடம் பேசுவது போலவே காரிடமும் பேசுகிறாள். அது கேட்கிறது.

சாப்பிடும்போது இவர் கேட்டார்: “சவுக்குத் தோப்புல நல்லாத்தான நிறுத்துன? அன்னைக்கு மட்டும் எப்படி மறந்துச்சு?”

“பயத்துல மறந்துருக்கும்” என்றேன்.

“நம்ம தெருவுக்கு வண்டி தானா திரும்புச்சா?”

“தானா திரும்புச்சு.”

அண்ணிக்குப் புரையேறியது. இவர் இலையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே, அடுத்த ஊர்வலத்தில் தனக்கும் ஏதாவது வேலை உண்டா என்று கேட்டார்.

முன்சீட்டில் இடமில்லை. பின்சீட்டில் கோழிக்குத் துணையாக வரலாம் என்று சொல்லியிருக்கிறேன்.